கட்டுத்துணிக்கு விலைச் சட்டம் இல்லை

அறுவைச் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் விசாரிக்கிறோம். வீடு திரும்பிய பிறகு காஸ், கிரேப் பேண்டேஜ், உப்புநீர்ப் புட்டி, முழங்கால் பட்டை, ஊன்றுகோல் என்று வாரம்தோறும் கரையும் ரேண்டுகளை யாரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் ஓய்வூதியத்தில் வாழும் எத்தனையோ குடும்பங்களை வாட்டுவது இந்தச் சில்லறைச் செலவுதான்.

முதல் தவறு, மருந்துக்கடையில் எதை வாங்கினாலும் விலை ஒன்றுதான் என்று நம்புவது. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் மருந்துச் சீட்டுக்குத் தரும் மருந்துகளுக்கு உற்பத்தியாளர் ஒரே விலைதான் வைக்க முடியும்; கடைக்காரர் அதன்மேல் சேர்க்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. கட்டுத்துணிக்கும் பட்டைக்கும் ஊன்றுகோலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஒவ்வொரு கடையும் தன் விருப்பப்படி விலை வைக்கலாம். போதாக்குறைக்கு 15 விழுக்காடு வாட் வரியும் உண்டு. ஆகவே, வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருத்துவமனை வளாகத்துக் கடையிலேயே ஒரு மாதத்துக்கானதை வாங்கிக் குவிக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள். பிறகு வெளியே இரண்டு கடைகளிலாவது தொலைபேசியில் விலை கேளுங்கள். புண் ஆற ஆறக் கட்டின் வகையும் மாறும். குவித்து வைத்ததில் பாதி வீணாகும்.

சீட்டில் எழுதிய பெயரையே பிடித்துக்கொள்வதும் தவறு. மருந்து என்றால், அதே மூலப்பொருள் கொண்ட மலிவான ஜெனரிக் இருப்பதைச் சொல்வது மருந்தாளரின் சட்டக் கடமை. கட்டுப்பொருளுக்கு அப்படி எவரும் சொல்லமாட்டார்கள்; நாம்தான் கேட்க வேண்டும். "புண்ணில் ஒட்டாத வகையா, ஈரம் உறிஞ்சும் நுரை வகையா, என்ன அளவு?" என்று செவிலியரிடம் கேட்டு எழுதிக்கொண்டால், அதே வகையில் விலை குறைந்ததைத் தேடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன்: சர்க்கரை நோயாளியின் காலில் புண் என்றால் செவிலியரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. ஒருமுறை பயன்படுத்திய கட்டைத் துவைத்து மறுபடி கட்டவும் கூடாது. அங்கே மிச்சம் பிடிக்கப் பார்த்தால் காலையே இழக்க நேரிடும்.

மெடிக்கல் எய்ட் என்னும் மாதச் சந்தா மருத்துவத் திட்டம் இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் அடிப்படைச் சிகிச்சை இலவசம். கட்டு மாற்றுவதற்கும் அங்கே போகலாம். வரிசை நீளம் என்பதற்காகத் தயங்காதீர்கள். சாட்ஸ்வொர்த் ஆர். கே. கான் போன்ற அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர், ஊன்றுகோலைக் கடையில் வாங்குமுன் அங்குள்ள பிசியோதெரபி பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். சில வாரங்களுக்கு மட்டும் தேவைப்படும் சக்கர நாற்காலியை விலைக்கு வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

மெடிக்கல் எய்ட் இருப்பவர்கள் ஏமாறுவது வேறு இடத்தில். இடுப்பெலும்பு முறிவு போன்றவை, சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். அவற்றின் சிகிச்சைச் செலவை அந்தத் திட்டத்தில் உங்கள் பெயரில் உள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் எடுத்துவிடுகிறார்கள். மாதாந்தர அறிக்கையை வரிவரியாகப் பாருங்கள். எடுத்திருந்தால், பில்லில் எழுதிய நோய்க் குறியீடு சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு திட்டத்தாரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அப்படியும் மறுத்தால் இத்திட்டங்களைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலிடம் முறையிடலாம். சிகிச்சை பெற்ற மாதத்துக்குப் பின் நான்காவது மாத முடிவுக்குள் செலவுக் கோரிக்கை திட்டத்தாரிடம் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் பணம் போனதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, வேறொருவர் கொடுக்க வேண்டியதை நாமே கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது. வேலையிடத்தில் அடிபட்டால் 1993ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்து நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை நியாயமான மருத்துவச் செலவைக் கோரலாம். 2020இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு அடிபட்டால் முதலில் அறிக்கை அனுப்ப வேண்டியவர்கள் நாம்தான். சாலை விபத்து என்றால் அரசின் சாலை விபத்து நிதியிடம் கோரலாம். ஓட்டுநர் யார் என்று தெரிந்தால் மூன்று ஆண்டு, தெரியாவிட்டால் இரண்டு ஆண்டு அவகாசம்.

இவை எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். கடை ரசீதின் அச்சு சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து, எந்தக் காயத்துக்கு, யார் எழுதிய சீட்டுக்கு என்று பின்புறம் குறித்து, மருத்துவரின் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.