மறுபடியும் போகத் தூண்டும் டிரெயில் சென்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காட்டுக்குள் மவுண்டன் பைக் ஓட்டுவதற்கென்றே பாதைகளை வெட்டி, கடினத்தின் அளவுக்கேற்ப நிறம் குறித்து, திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டிக் கம்பங்கள் நட்டு வைத்திருக்கும் இடத்தைத்தான் டிரெயில் சென்டர் என்கிறார்கள். இந்த ஏற்பாடு பிரிட்டனில், குறிப்பாக வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும், நன்றாக வேரூன்றியிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. எண்ணிக்கையில் அதைவிட மிகுதியான நடைபாதைகளில் அந்த உரிமை இன்றும் இல்லை. ஆகவே, யாருடைய வழியையும் மறிக்காமல் மனம்போல் ஓட்டக்கூடிய தனிப் பாதைகளுக்கு அங்கே தேவை இருந்தது. 1990களில் வடமேற்கு வேல்ஸின் கோய்ட் அ பிரெனின் காட்டில் டாஃபித் டேவிஸ் என்ற வனப் பணியாளர் அமைத்த பாதைகள் அந்தத் தேவைக்கு முதலில் விடை சொன்னவை; பிறகு வந்த மையங்கள் பலவற்றுக்கும் அதுவே முன்மாதிரியாக அமைந்தது.

இன்று மையங்கள் பெருகிவிட்டதால் எங்கே போவது என்பதே கேள்வியாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் ஒரு மையத்தின் பெயரைக் கேட்டவுடன் அங்குள்ள மிகக் கடினமான பாதையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். காணொளிகளில் வருவதும், நண்பர்கள் வியந்து பேசுவதும் அந்தப் பாதையைத்தான். ஆனால் அங்கே ஒரு நாள் முழுவதும் இருக்கப்போகிற நீங்கள், அந்தப் பாதையில் கழிக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணிகூட இருக்காது. மீதி நேரமெல்லாம் உங்கள் திறமைக்கு இசைவான நடுத்தரப் பாதைகளில்தான் கழியும். ஆகையால் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் பதற்றமின்றி ஓட்டும் நிறத்தில் அந்த மையத்தில் எத்தனை கிலோமீட்டர் இருக்கிறது, அதற்கு ஒரு படி மேலான நிறத்தில் எத்தனை கிலோமீட்டர் இருக்கிறது என்ற இரண்டு கணக்குகளைத்தான். இரண்டும் தாராளமாக இருக்கும் மையம் உங்களை ஆண்டுக்கணக்கில் வளர்க்கும். ஒன்று மட்டும் இருந்தால் இரண்டாம் வருகையிலேயே சலிப்போ அச்சமோ வந்துவிடும்.

நிறங்களின் பொருளைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம். பிரிட்டனில் பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். தாவல்களும் உயர்த்திக் கட்டிய வளைவுகளும் நிறைந்த பைக் பார்க் வகைப் பாதைகளுக்கு ஆரஞ்சு நிறம் தருகிறார்கள். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று குறிக்கிறார்கள். சிவப்பு என்ற படி அந்த வரிசையில் இல்லாததால், பிரிட்டன் சிவப்பையும் அமெரிக்க நீலத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஒரே நாட்டுக்குள்ளும் ஒரு மையத்தின் சிவப்பு இன்னொரு மையத்தின் கறுப்பை எட்டிப்பிடிப்பதுண்டு. பாறை மிகுந்த நிலத்தில் வெட்டிய சிவப்பும், மணற்பாங்கான சமவெளிக் காட்டில் வெட்டிய சிவப்பும் ஒரே நிறத்தில் இருந்தாலும் கைகளுக்கும் கால்களுக்கும் அவை முற்றிலும் வேறானவை. புதிய மையத்துக்குப் போகும்போது, வழக்கமாக ஓட்டும் நிறத்துக்கு ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். அந்த முதல் ஒரு மணி நேரம் வீணாகாது. அந்த இடத்தின் நிறம் உண்மையில் என்ன பொருள் தருகிறது என்பதை உங்கள் உடலுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

நல்ல மையத்தை அடையாளம் காட்டும் இன்னொரு குறி, கடினமான இடத்துக்கு மாற்றுவழி வைத்திருப்பது. தெற்கு ஸ்காட்லாந்தில் செவன்ஸ்டேன்ஸ் என்ற பெயரில் ஒரு மையத் தொகுப்பு உண்டு. ‘ஸ்டேன்’ என்றால் ஸ்காட்ஸ் மொழியில் கல், ஒவ்வொரு மையத்திலும் ஒரு கற்சிற்பத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றான டல்பீட்டியின் சிவப்புப் பாதை ஓரிடத்தில் பிரிகிறது. ஒரு கிளை ‘ஸ்லாப்’ எனப்படும் செங்குத்தான கருங்கல் பாறைமுகத்தின்மேல் இறங்குகிறது, அது கறுப்பு. மற்றொன்று அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. பாறையின் விளிம்பில் நின்று பார்த்தால் முன்சக்கரத்துக்கு அப்பால் தரையே இல்லாததுபோல் தோன்றும். உலர்ந்த கருங்கல்லில் டயர் நன்றாகப் பற்றும் என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் விரல்கள் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கத்தான் பார்க்கும். இன்று வேண்டாம் என்று தோன்றினால் சுற்றுவழியில் போய்விடலாம், அடுத்த முறை இறங்கிப் பார்க்கலாம். அந்தத் தெரிவு கையில் இருப்பதாலேயே மனம் மறுபடியும் அங்கே போக விரும்புகிறது. மாற்றுவழி இல்லாமல் திடீரென்று உயரமான டிராப்பில், அதாவது தரை படிபோல் சட்டென்று கீழே போய்விடும் இடத்தில், கொண்டுபோய் நிறுத்தும் பாதையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது மண். என் கணிப்பில் நிறத்தைவிட இது முக்கியமானது; ஆனால் கவனிப்பவர்கள் குறைவு. கோய்ட் அ பிரெனினின் பாதைகள் கல் பதித்தவை, கரடுமுரடானவை. பெருமழைக்கு மறுநாளும் ஓட்டலாம், அதற்கு ஈடாகக் கைகள் நாள் முழுவதும் அதிர்வைத் தாங்க வேண்டும், அகலமான டயரும் நல்ல சஸ்பென்ஷனும் வேண்டும். ஸ்காட்லாந்தின் ட்வீட் பள்ளத்தாக்கில் உள்ள இன்னர்லீதனைச் சுற்றிய செங்குத்துச் சரிவுகளில் பல பாதைகள் மண்ணும் மரவேரும் கலந்தவை. உலர்ந்திருக்கும்போது அவற்றைப்போல் இனிமையானவை வேறில்லை, நனைந்த வேர்களிலோ குறுக்காக ஏறும் சக்கரம் சோப்பின்மேல் வைத்ததுபோல் வழுக்கிவிடும். அதே பள்ளத்தாக்கின் கிளென்ட்ரெஸ் காட்டில் பச்சையிலிருந்து கறுப்பு வரை எல்லா நிறங்களும் உண்டு. 2023 உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் மவுண்டன் பைக் கிராஸ் கன்ட்ரிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. இரண்டு மையங்களும் அருகருகே இருப்பதால், வானிலையைப் பார்த்து அன்று காலையில் எது என்று முடிவு செய்யலாம். மழை மிகுந்த மாதங்களில் மட்டுமே விடுமுறை கிடைக்கும் என்றால் கல் பதித்த பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். நனைந்த மண்பாதையில் ஓட்டினால் விழுவது நீங்கள் மட்டும் அல்ல. உங்கள் டயர் கிழித்த தடத்தில் தண்ணீர் ஓடி, பாதையும் கெடும்.

பாதையை அமைத்தவர்களின் தேர்ச்சியை மழை நின்ற உடனே போய்ப் பார்த்தால் கண்கூடாக அறியலாம். நன்றாக அமைந்த பாதை, இறங்கிக்கொண்டே போகையில் இடையிடையே சற்று மேலேறி மறுபடி இறங்கும். அந்தத் தாழ்விடத்தில் தண்ணீர் பாதையை விட்டுச் சரிவில் வடிந்துவிடும். பாதையின் சராசரிச் சாய்வு 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பதும், அது குறுக்கே செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்குமேல் போகாமல் இருப்பதும் நீடித்து நிற்கும் பாதைக்கான பொது விதிகளாகப் பாதை அமைப்பாளர்கள் கொள்கிறார்கள். வளைவுகளுக்குச் சற்று முன்னால் குனிந்து பாருங்கள். அங்கே சலவைப் பலகையைப் போல வரிவரியாக மேடுபள்ளம் விழுந்திருந்தால், ஓட்டுபவர்கள் எல்லோரும் அதே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள், நெடுநாளாகச் செப்பனிடவில்லை என்று பொருள். ஓரிரு வளைவுகளில் இப்படி இருப்பது இயல்பு. ஒவ்வொரு வளைவிலும் இருந்தால், அந்த மையத்தில் பராமரிப்புக்கு ஆளோ பணமோ போதவில்லை என்று கொள்ளலாம்.

ஏறுவது எப்படி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் உலகக் கோப்பைப் போட்டிகள் பலமுறை நடந்த இறக்கப் பாதைக்குக் கேபிள் கார் ஏற்றிவிடுகிறது, சுமார் 2.8 கிலோமீட்டர் நீளத்துக்குள் 550 மீட்டருக்குமேல் இறங்கும் பாதை அது. 2013இல் மெர்தர் டிட்வில்லில் திறந்த ‘பைக்பார்க் வேல்ஸ்’ என்ற மையத்தில் சைக்கிள்களை டிரெய்லரில் ஏற்றி வேன் மேலே கொண்டுபோய் விடுகிறது. இப்படி ஏற்றிவிடும் சேவைக்கு அப்லிஃப்ட் என்று பெயர். வார இறுதிகளில் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் முன்பதிவு செய்துவிட்டுத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை இறங்கலாம் என்பதால் இறங்கும் திறமை விரைவில் வளரும். ஆனால் கைகள் களைத்துப்போவது மனத்துக்குத் தெரியாது. “கடைசியாக ஒரே ஒரு முறை” என்று சொல்லிக்கொண்டு ஏறும் அந்த இறக்கத்தில்தான் விழுவதற்கான வாய்ப்பு மிகுதி. விரல்கள் மரத்துப்போனதாகத் தோன்றியவுடன் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். ஏறுவதையும் இன்பமாகக் கொள்பவர்களுக்குத் தெற்கு வேல்ஸின் அவான் காடு போன்ற இடங்கள் பொருந்தும். நீண்ட ஒற்றையடிப் பாதைகளில் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிச் சுற்றிவருவதே அங்கே விருந்து.

சொந்தக் காலால் ஏறுவதானால் பாதையின் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்த ஏற்றத்தைக் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். 20 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் கிலோமீட்டருக்கு 15 மீட்டர், உரையாடிக்கொண்டே ஏறலாம். அதே நீளத்தில் 600 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 30 மீட்டர். பழக்கம் இல்லாதவர்களுக்கு அது முழு நாளின் உழைப்பு. சிவப்புப் பாதையில் சராசரி ஆளின் வேகம் மணிக்கு 8 முதல் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் திட்டம் பெரும்பாலும் பிசகாது.

குழுவாகவோ குடும்பமாகவோ போகிறீர்கள் என்றால், குழுவில் மிகவும் புதியவருக்கு எது பொருந்துமோ அதுவே தேர்வாக இருக்கட்டும். மிதிக்காமல் உடலை அசைத்தே மேடுபள்ளங்களில் ஓட்டும் பம்ப் டிராக்கும் பயிற்சித் திடலும் பச்சைப் பாதையும் வாகன நிறுத்தத்தின் அருகிலேயே இருந்தால் குழந்தைகள் தாங்களாகவே மகிழ்ந்துகொள்வார்கள். கோய்ட் அ பிரெனினில் மினோட்டார் என்ற எளிய பாதையை, கையால் சுழற்றி ஓட்டும் சைக்கிள்களில் வரும் மாற்றுத்திறனாளிகளும் ஓட்டும் வகையில் அமைத்திருக்கிறார்கள். இத்தகைய அக்கறை தெரியும் இடங்களுக்கு என் பட்டியலில் எப்போதும் தனி மதிப்பு உண்டு.

உணவகம், சைக்கிள் கழுவும் இடம், வாடகைக் கடை ஆகியவை வசதிகள்தானே தவிர, தேர்வுக்கான காரணங்கள் அல்ல. அவை மாறவும் கூடும்: அந்தக் கோய்ட் அ பிரெனினிலேயே 2025 மார்ச் இறுதியில் உணவகத்தையும் கடையையும் நிறுத்திவிட்டார்கள், பாதைகள் மட்டும் திறந்தே இருந்தன. ஆகவே தண்ணீர், உதிரி டியூப், பம்ப், சங்கிலியைக் கழற்றிப் பூட்டும் கருவி ஆகியவற்றை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். வாடகைக்கு எடுப்பதானால் உங்கள் உயரத்துக்கேற்ற அளவைச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள்.

இந்த மையங்களில் பலவும் மரம் வெட்டும் தொழில் நடக்கும் காடுகள் என்பதை மறக்கக் கூடாது. 2009இல் பிரிட்டனின் லார்ச் என்ற ஊசியிலை மரங்களில் கண்டறியப்பட்ட நோயால் வேல்ஸில் பெரும் பரப்பில் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயல் வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் காடுகளைச் சாய்த்தது. இத்தகைய வேளைகளில் பாதைகளை மாதக்கணக்கில் மூடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். டிரெயில்ஃபோர்க்ஸ் செயலியில் பாதையின் நிலை பற்றி மற்றவர்கள் எழுதியிருப்பதும் உதவும். மூடியிருக்கிறது என்ற பலகையைக் கண்டால், அதற்கப்பால் இயந்திரச் சத்தம் கேட்காவிட்டாலும், திரும்பிவிடுங்கள்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்குமுன்பே சூரியன் மறைந்துவிடும். அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டிவிடும். கோடையில் மேற்கு மலைப்பகுதிகளில் மிட்ஜ் எனப்படும் சிறு கடிப்பூச்சிகள் காற்றில்லாத மாலைகளில் மொய்க்கும். மே மாதமும் செப்டம்பர் இறுதியும் எனக்கு உகந்தவை.

மனத்துக்குப் பிடித்த மையம் எது என்பது முதல் வருகையில் தெரியாது. முதல் முறை எல்லாப் பாதைகளையும் ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்கி, ஒரே பாதையை இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் சுற்றில் கண் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாம் சுற்றில்தான் வளைவின் வெளிப்புறம் ஏன் அத்தனை உயரம், அந்தக் கல்லை ஏன் அங்கே வைத்தார்கள் என்பதெல்லாம் புலப்படும். எந்த இடத்தில் பிரேக்கை விட்டீர்கள், எங்கே இறங்கி நடந்தீர்கள், எந்தத் திருப்பத்தை மறுபடி ஓட்டத் தோன்றியது என்ற மூன்றை மட்டும் அன்றிரவே குறித்து வையுங்கள். பிறகு வேறு ஒரு பருவத்தில், முடிந்தால் மழைக்கு மறுநாள், அதே பாதைக்குப் போய்க் குறிப்பை எடுத்துப் பாருங்கள். முன்பு இறங்கி நடந்த இடத்தை எட்டும்போது அதை ஓட்டிப் பார்க்கத் தோன்றினால், அந்த மையத்தின் பெயரை உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம்.