மின்சாரப் பச்சை குத்தும் கருவியின் வரலாற்றைக் காப்புரிமை ஆவணங்களின் வழியே படிப்பது எப்படி?

"எடிசனின் மின்பேனாவை மாற்றியமைத்து, 1891ஆம் ஆண்டு சாமுவேல் ஓ'ரைலி பச்சை குத்தும் கருவியைக் கண்டுபிடித்தார்" என்ற ஒற்றை வரியோடு இக்கருவியின் வரலாறு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த வரி முற்றிலும் பொய்யன்று. ஆனால் இன்று டாட்டூ கலைஞர்களின் கையில் இருக்கும் கருவி எந்த வழியாக வந்தது என்பதை அது சொல்வதில்லை. அதை அறிய வேண்டுமானால் மூல ஆவணங்களைத் தேடியெடுத்து, அவற்றின் வரைபடங்களை நாமே பார்க்க வேண்டும். இதற்குப் பொறியியல் பயிற்சி தேவையில்லை. காலிங் பெல் எப்படி ஒலிக்கிறது என்று புரிந்தால் போதும்.

முதலில் ஆவணங்களைக் கண்டெடுக்கும் முறை. கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் யு, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் அவற்றை அடுத்துக் காற்புள்ளியின்றிக் காப்புரிமை எண்ணையும் இட்டால், நூறாண்டு கடந்த அமெரிக்க ஆவணமும் படமாகத் திறக்கும். பழைய ஆவணங்களைச் சொற்களைக் கொண்டு தேடுவதில் பயன் குறைவு. அச்செழுத்தைக் கணினி வாசித்ததில் பிழைகள் மலிந்திருக்கும் என்பதால் எண்ணே நம்பகமான வழி. எடிசனின் 180857 (1876), 196747 (1877), ஓ'ரைலியின் 464801 (1891), அவருக்குப் பின் வந்த பச்சை குத்தும் கலைஞர்களான சார்லி வாக்னரின் 768413 (1904), பெர்சி வாட்டர்ஸின் 1724812 (1929) ஆகிய ஐந்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆவணங்களுக்கு எண் மட்டும் போதாது. 1915 வரை அங்கே ஒவ்வோர் ஆண்டும் எண்வரிசை புதிதாகத் தொடங்கியதால், லண்டன் கலைஞர் சதர்லாண்ட் மெக்டொனால்டின் காப்புரிமையை '1894ஆம் ஆண்டின் 3035' என்று ஆண்டோடு சேர்த்தே தேட வேண்டும்.

தேதியைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்த ஓர் எளிய சோதனை உண்டு. அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் வழங்கப்படுவது நெடுநாள் வழக்கம். ஓ'ரைலியின் ஆவணத்தில் உள்ள 1891 டிசம்பர் 8, வாக்னரின் ஆவணத்தில் உள்ள 1904 ஆகஸ்ட் 23, வாட்டர்ஸின் ஆவணத்தில் உள்ள 1929 ஆகஸ்ட் 13 ஆகிய மூன்றும் செவ்வாய்க்கிழமைகளே. எங்கேனும் படித்த 'காப்புரிமை பெற்ற நாள்' வேறு கிழமையில் விழுந்தால், அது விண்ணப்பித்த நாளாக இருக்கலாம், அல்லது எழுதியவர் தவறியிருக்கலாம். விண்ணப்பித்த நாளும் வழங்கிய நாளும் ஆவணத்தின் தலைப்பிலேயே தனித்தனியாக இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வரைபடத்தைப் படிப்பது. வேலையின் உயிர்நாடி இதுதான். ஊசியை மேலும் கீழும் அசைப்பது எது என்ற கேள்வியோடு படத்தை அணுகுங்கள். ஒரு சிறு மோட்டார் சுழன்று, மையம் விலகிய ஓர் உறுப்பின் மூலம் அந்தச் சுழற்சியை ஊசியின் ஏற்ற இறக்கமாக மாற்றினால் அது ரோட்டரி வகை. மின்காந்தச் சுருள்கள் ஓர் இரும்புப் பட்டையை இழுத்து விட்டால் அது காயில் வகை. காயில் வகையில் மின்னோட்டம் ஒரு திருகாணியின் முனையிலிருந்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வில்தகட்டின் வழியே பாய்கிறது. சுருள்கள் காந்தமாகிப் பட்டையைக் கீழே இழுக்க, ஊசி இறங்குகிறது. அந்த இறக்கமே தகட்டைத் திருகாணியிலிருந்து விலக்கி மின்னோட்டத்தை அறுத்துவிடுகிறது. காந்தம் மறைந்ததும் வில்தகடு பட்டையை மேலே தூக்க, மீண்டும் தொடுகை, மீண்டும் இழுப்பு. காலிங் பெல்லில் மணியை அடிக்கும் சுத்தியும் இதே முறையில்தான் இயங்குகிறது. படத்தில் திருகாணியும் வில்தகடும் சுருளும் எங்கே உள்ளன என்று விரல் வைத்துத் தேடினால் வகை தானாகத் தெளிவாகும்.

இந்தக் கேள்வியோடு எடிசனின் 1876 ஆவணத்தைப் பாருங்கள். பச்சை குத்துவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தாளில் நெருக்கமாகத் துளையிட்டு ஸ்டென்சில் செய்து, அதன் மேல் மையுருட்டி பல படிகள் எடுப்பதே அந்தப் பேனாவின் வேலை. உச்சியில் சிறு மோட்டார், அடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை குத்தும் ஊசி, பக்கத்தில் திரவ மின்கலம். மின்கலத்தைப் பராமரிப்பது அலுவலக எழுத்தர்களுக்குப் பெரும் தொல்லையாக இருந்தது, பேனா சந்தையில் நிலைக்காமல் போனதற்கு ஒரு காரணம். 1877 ஆவணத்திலோ அதே எடிசன் மோட்டாரை விட்டு மின்காந்தச் சுருள்களுக்கு மாறியிருக்கிறார். பிற்காலத்தின் இரு வகைகளும் ஒரே மனிதரின் இரண்டு துளையிடும் பேனாக்களில் அருகருகே கிடக்கின்றன என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

நியூயார்க்கின் சாத்தம் சதுக்கத்தில் தொழில் நடத்திய ஓ'ரைலி, இவற்றுள் சுழலும் மோட்டார் வகையையே தழுவினார். அவரது ஆவணத்தில் கடைசியாக எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களைக் கட்டாயம் படியுங்கள். சட்டம் காப்பது அந்தப் பகுதியைத்தான். முன்னால் உள்ள விளக்கம் முழுவதும் புதியது என்று கொள்ளக் கூடாது. தாளைத் துளைக்கும் கருவி தோலுக்கு வரும்போது ஊசிக்கு மை ஊட்டும் ஏற்பாடு தேவைப்படுகிறது. அவரது மாற்றத்தின் பொருள் அதில்தான் இருக்கிறது. அதே சதுக்கத்தைச் சேர்ந்த வாக்னர் 1904இல் சுருள்களுக்கு வந்துவிட்டார். 1929இல் வாட்டர்ஸ் வரைந்த படத்தையும் இன்றைய காயில் மெஷினையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கருவியின் சட்டகத்துக்குள் இணையாக நிற்கும் இரு சுருள்கள், மேலே பட்டை, முன்னால் ஊசி செல்லும் குழாய் என அமைப்பு ஏறக்குறைய ஒன்றே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காப்புரிமை என்பது உரிமை கோரியவரின் பதிவு. பட்டறையில் உண்மையில் எது ஓடியது என்பதற்குச் சான்றாகாது. பல்குழியில் தங்கத்தகட்டை அடித்து நிரப்ப, ஃபிலடெல்ஃபியாவின் பல் மருத்துவர் வில்லியம் பான்வில் 1870களில் மின்காந்தச் சுத்தி ஒன்றை உருவாக்கியிருந்தார். அத்தகைய பல் மருத்துவக் கருவிகளையும் மின்மணிகளையும் பச்சை குத்துவோர் தாமே மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே ஓ'ரைலியை 'காப்புரிமை பெற்றவர்' என்று எழுதுங்கள். 'முதன்முதலில் கண்டுபிடித்தவர்' என்று எழுத அந்த ஆவணம் இடம் தருவதில்லை.

எண் இல்லாத கதைகளிடமும் கவனமாக இருங்கள். ஓ'ரைலிக்கு 20 நாள் கழித்து லண்டனில் டாம் ரைலி என்பவர் ஒற்றைச் சுருள் கருவிக்குக் காப்புரிமை பெற்றார் என்று பரவலாக எழுதுகிறார்கள்; எழுதுபவர்கள் அதற்குரிய எண்ணைத் தருவதில்லை. எண் கிடைக்கும்வரை அதை வழிவழிக் கதை என்றே குறிப்பேட்டில் பதியுங்கள். பெயர் ஒற்றுமையும் ஏமாற்றும்: மின்மணியின் தொட்டு விலகும் அமைப்புக்கு 'வாக்னர் சுத்தி' என்ற பெயர் உண்டு. அது ஜெர்மனியின் யோஹான் ஃபிலிப் வாக்னரைக் குறிப்பது. நியூயார்க்கின் சார்லி வாக்னரை அன்று.

குறிப்பேட்டில் ஒவ்வொரு கருவிக்கும் எண், விண்ணப்ப நாள், வழங்கிய நாள், ஊசியை அசைக்கும் முறை, மை ஊட்டும் முறை, உரிமைக்கோரல்களின் சாரம் என்று எழுதி வாருங்கள். பின்னர் கண்காட்சியிலோ விற்பனைப் படத்திலோ பழைய கருவி ஒன்றைக் காணும்போது, அதில் பொறித்த பெயரை நம்பாமல் சுருள்களின் நிலையையும் திருகாணியின் இடத்தையும் குறிப்போடு ஒப்பிடுங்கள். பழுது பார்த்தவர்கள் உறுப்புகளை மாற்றியிருப்பது இயல்பு என்பதால், கருவியின் சட்டகத்தையும் அதில் பொருத்தியவற்றையும் தனித்தனியே பதிவது நல்லது.