பழைய பிரிட்டிஷ் ராணுவ வாள் கையில இருக்கா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

வாள் கைக்கு வந்ததும் பலபேர் பண்ற முதல் வேலை அதைப் பளபளன்னு ஆக்குறதுதான், புளி, பிராஸோ, உப்புத்தாள்னு எது கிடைக்குதோ அதை வச்சுத் தேய்ச்சுடுறாங்க. தயவுசெஞ்சு வேணாம். ஆபீசர் வாளோட பிளேடுல இருக்கிற பூ வேலைப்பாடு, ராஜ முத்திரை, கம்பெனி பேரு எல்லாம் ஆசிட் வச்சு மேலாப்புல அரிச்சு எடுத்தது, ஆழமே இருக்காது, உப்புத்தாள் போட்டா அது எந்தக் காலத்து வாள், யாரோடதுன்னு சொல்ற சாட்சியே போயிடும். சிவப்புத் துரு உதிர்ந்தா மெஷின் ஆயில் தொட்டு மெல்லிசுத் துணியால ஒத்தி எடுங்க போதும். கருப்பேறிக் கிடந்தா அப்படியே விட்ருங்க, விவரம் தெரிஞ்சு வாங்குறவங்களுக்கு அதுதான் பிடிக்கும். சாணை பிடிக்கவும் கூடாது.

அடுத்தது வருஷக் குழப்பம். '1897 பேட்டர்ன்'னு யாராவது சொன்னதும் வாளே 1897ல செஞ்சதுன்னு நினைச்சுக்கிறாங்க, அது டிசைன் வந்த வருஷம் மட்டும்தான், அதே டிசைனை பிரிட்டிஷ் இன்ஃபன்ட்ரி ஆபீசருங்க இன்னைக்கும் பரேடுல பிடிக்கிறாங்க. அதனால முத்திரையைப் பாருங்க. வி ஆர்னு இருந்தா விக்டோரியா, 1901க்கு முந்தினது. ஈ ஆர் நடுவுல ஏழுக்கான ரோமன் எண் இருந்தா எட்வர்ட், 1901-1910. ஜி ஆர் நடுவுல அஞ்சு இருந்தா ஜார்ஜ், 1936 வரைக்கும். ஈ ஆர் நடுவுல ரெண்டு கோடு இருந்தா எலிசபெத், 1952க்குப் பின்னாடி வந்தது, அதை ஆன்டிக்னு யாராவது விலை சொன்னா நம்பாதீங்க.

பிளேடுல இருக்கிற பேரு செஞ்சவர் பேருதான்னும் முடிவு பண்ணிடாதீங்க, யூனிஃபார்ம் தைச்சு வித்த டெய்லர் கடைங்களும் தங்க பேரைப் போட்டு வித்திருக்காங்க. வில்கின்சன்ங்கிற பிரிட்டிஷ் கம்பெனி வாளா இருந்தா கைப்பிடிக்குப் பக்கத்துல பிளேடோட முதுகுல ஒரு நம்பர் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அந்தக் கம்பெனியோட பழைய லெட்ஜர்ல அந்த நம்பரைத் தேடினா வருஷம் தெரியும், பல சமயம் முதல்ல வாங்கின ஆபீசர் பேரே கிடைக்கும், அப்படிப் பேரு கிடைச்சா விலையே வேற! ப்ரூஃப் முத்திரையை, அதாவது பிளேடை டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சுன்னு போடுற குறியைச் சுத்தி ரெண்டு முக்கோணம் கோத்த நட்சத்திரம் இருந்தா அதுக்கு மத அர்த்தம், ரகசிய சங்கம்னு கதை கட்டுறாங்க, அந்தக் காலத்து வாள் கம்பெனிங்க வழக்கமா போட்ட அலங்காரம் அது. சிப்பாய் வாள்ல எக்ஸ் குறி இருந்தா வளைச்சு டெஸ்ட் பண்ணதுக்கான அடையாளம், அம்புக்குறி இருந்தா அரசாங்கச் சொத்து.

விலைக்கு ஆன்லைன்ல கேக்குற ரேட்டைப் பாக்காதீங்க, ஏலத்துல நிஜமா வித்து முடிஞ்ச ரேட்டைப் பாருங்க, அதுவும் அதே பேட்டர்ன், அதே கண்டிஷன், உறையோட இருக்கிறதா பாத்து. உறை இல்லன்னா விலை நல்லாவே இறங்கும்.

இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரர் நல்ல விலை தர்றார்னு கூரியர்ல போட்டுடாதீங்க. இந்தியாவுல இருக்கிற வாள் 100 வருஷம் தாண்டினதா இருந்தா 1972 தொல்பொருள் சட்டப்படி தனியாள் யாரும் ஏற்றுமதி பண்ண முடியாது, மீறினா ஜெயில் வரைக்கும் போகும்.