அப்பாரு விட்டுப்போன ரைபிள்: செய்யக்கூடாத தவறுகள்

காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகுதான், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் துப்பாக்கி பல வீடுகளில் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, போன பிறகு எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கடலைக்காட்டைப் பன்றிகள் கிளறிப் போட்டிருந்த ஒரு காலையில், "அதான் அப்பாரோட பட்டாளத்துத் துப்பாக்கி இருக்குதே" என்றார் சித்தப்பா. அன்றைக்கு அது யாருக்கும் தவறாகத் தெரியவில்லை.

முதல் தவறு, தோட்டம், நகை போல இதுவும் தானாக நமக்கு வந்துவிட்டது என்று நினைப்பது. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அவர் போனதும் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டம் 21-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. "ஸ்டேஷனுக்குப் போனா கேஸ் ஆயிரும்" என்று பயந்து கிணற்றில் போடுவதும் பரணில் ஒளிப்பதும்தான் உண்மையில் கேஸ் ஆகும். ரைபிளின் எண்ணோடு ரசீது வாங்கிக்கொண்டு, அப்புறம் வாரிசாக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகளில் வழி உண்டு. அப்பாரிடம் இதைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுத்தது, ஊர் சொல்லும் பெயரை நம்புவது. எங்களுடையதை எல்லோரும் பட்டாளத்து ரைபிள் என்றார்கள். குழலில் பொறித்திருந்த உள்ளளவோ .315 அங்குலம். ராணுவ ரைபிளைப் போலவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட் இழுக்கும், இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு அது. நிஜமான ராணுவத் துப்பாக்கி .303 அங்குலம் அல்லது 7.62 மி.மீ. ஆக இருந்தால் தடைசெய்யப்பட்ட வகை. அதற்குக் கலெக்டர் லைசென்ஸ் தர முடியாது, மத்திய உள்துறைதான் தர வேண்டும். காவலர்கள் வைத்திருந்த .410 மஸ்கட் என்ற நீளத் துப்பாக்கியும் இதில் சேரும்.

லைசென்ஸ் வந்துவிட்டால் வேட்டைக்குப் போகலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1972 வனவிலங்குச் சட்டப்படி பன்றி, மான், மயில் எதையும் நாமாகச் சுட முடியாது. லைசென்ஸில் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தாலும் அது வேட்டைக்கு அனுமதி ஆகாது. 2025-ல் தமிழக அரசு அறிவித்த முறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறை ஆட்கள்தான். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் துப்பாக்கி வைத்திருப்பதை வனத்துறையிலும் பதிய வேண்டும். சத்தியமங்கலம், அந்தியூர், ஆனைமலைப் பக்கத்துக்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

சட்டத்தை விடுங்கள். ராணுவத் தோட்டாவின் முனை முழுக்க உலோக உறை போட்டது. உடம்பில் விரியாமல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அடிபட்ட பன்றி பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்குள் ஓடி நெடுநேரம் துடிக்கும். குண்டோ மைல் கணக்கில் போகும். நம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் சாளை (தோட்டத்து வீடு) இருக்கிறது, இருட்டில் தண்ணீர் கட்ட ஆள் நடமாடுகிறது. இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

"சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்ப்போம்" என்பதும் வேண்டாம். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தால் குழலே வெடிக்கும். பழைய ராணுவத் தோட்டாவில் இன்னொரு சங்கதி உண்டு. அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி (பிரைமர்) குழலில் விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் போகாது. அப்பாரு பட்டாளத்துப் பழக்கத்தில் ஆத்தா காபிக்கு வைத்த வெந்நீரையே பிடுங்கிக் குழலில் ஊற்றி, துணி விட்டு உருவி, காய்ந்த பிறகுதான் எண்ணெய் போடுவார்.

எங்கள் ரைபிள் இப்போது ஸ்டேஷனில் இருக்கிறது. ரசீதைத் தோட்டத்துப் பத்திரத்தோடு ஒரே கவரில் வைத்திருக்கிறேன். பன்றி வந்தால் காட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு சித்தப்பாதான் வனச்சரக அலுவலகத்துக்குப் போகிறார்.