படையில் காயம்பட்டு வந்தவர்கள் வேலைக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி வந்திருந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். "என்ன வேணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டியா?" என்றேன். "எதுக்குண்ணே, சமாளிச்சுக்கறேன்" என்றான். பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில். நேரத்துக்குப் போவது, ஒழுங்காக உடுத்துவது எல்லாம் படையில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதை விட்டுவிடுகிறேன்.

தேவையைச் சொல்லாமல் சமாளிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. என் முதல் வேலை ஒரு கிடங்கில், சரக்குக் கணக்கு. நாள் முழுக்க நிற்க வேண்டும், நடக்க வேண்டும். என் செயற்கைக் காலின் சாக்கெட், அதாவது மிச்சமிருக்கிற காலை நுழைக்கிற கிண்ணம், காலை நேரத்தில் கச்சிதமாகப் பிடிக்கும், மத்தியானத்துக்குள் தளர்ந்துவிடும். மிச்சமிருக்கிற கால் பகல் போகப்போகக் கொஞ்சம் சுருங்கும். செயற்கைக் காலைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, மேலே இன்னொரு சாக்ஸ் ஏற்றி மாட்ட வேண்டும். பத்து நிமிஷ வேலைதான். உட்கார இடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கழிப்பறைச் சுவரில் சாய்ந்து, ஒற்றைக் காலில் நின்றபடி மாட்டுவேன். அங்கே ஆள் இருந்தால் அதுவும் இல்லை, தளர்ந்த சாக்கெட்டோடு நடப்பேன். நான்காவது மாதம் எலும்பு முனையில் புண். ஆறு வாரம் காலே போடக்கூடாது என்றார் டாக்டர். வேலை போய்விட்டது. கணக்கு முடிக்கப் போன அன்று மேலாளர் கேட்டார்: "ஒரு நாற்காலிதானே, கேட்டிருக்கலாமே?"

கேட்பது சலுகை இல்லை. 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. குண்டு வெடித்த கதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. 'மத்தியானம் பத்து நிமிஷம், கதவு சாத்துகிற அறை, ஒரு நாற்காலி' என்று வேண்டியதை மட்டும் எழுத்தில் கேளுங்கள். காதில் ஓயாத இரைச்சல் இருப்பவர், கூட்டத்தில் பேசியதைக் குறிப்பாக எழுதித் தரச் சொல்லலாம். தூக்கம் கெட்டவர் மாறாத ஷிப்ட் கேட்கலாம். வேலை உறுதியானதும் கேட்டுவிடுங்கள், புண் வந்த பிறகு வேண்டாம்.

அந்தத் தம்பியை என் முன்னாலேயே மெயில் எழுத வைத்தேன். நாலு வரி. அனுப்பும் பொத்தானை அழுத்த அவனுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று.

ரெஸ்யூமேயில் படை மொழி

'பிளட்டூன் சார்ஜென்ட்' என்றால் ஹெச்.ஆரில் பலருக்குப் புரியாது. எத்தனை பேரை நடத்தினீர்கள், எத்தனை வண்டி உங்கள் பொறுப்பில் ஓடியது என்று எழுதுங்கள்.

முழுசாகக் குணமாகட்டும் என்று காத்திருப்பது

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், சிகிச்சையின்போதே அவர்களைப் பட்டறை வேலையில் ஈடுபடுத்தினார். நீங்களும் படுக்கையில் இருக்கும்போதே ஒரு படிப்பைத் தொடங்கிவிடலாம்.

பரிதாபத்துக்குக் கிடைக்கிற வேலை

வேண்டாம்.