ஒரு குச்சி, ஓர் அட்டை, ஒரு நாள் வெயில்: குழந்தைகளோடு நிழல் கடிகாரம் செய்யலாம்

விடுமுறை நாளில் குழந்தைகளுக்கு எதைச் செய்யக் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று வந்து நிற்பார்கள். நிழல் கடிகாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. மணிக்கு ஒரு முறை, இரண்டே நிமிட வேலை. நடுவில் நீங்கள் சமைக்கலாம், துணி மடிக்கலாம், அவர்கள் விளையாடலாம். ஆனாலும் வேலை நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். அடுத்த விடுமுறைக்கு அளவு நாடாவோடு ஒரு பூங்காவுக்குப் போனால், இதே நிழலை வைத்து மரத்தின் உயரத்தையும் அளந்துவிடலாம். அதையும் கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "பூமி சுற்றுகிறது, அதனால் நிழல் நகர்கிறது" என்று காலையிலேயே பாடம் நடத்திவிட்டால் குழந்தைக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. நிழல் நகர்வதை முதலில் பார்க்கட்டும். காரணத்தை மாலையில் பேசிக்கொள்ளலாம்.

என்னென்ன வேண்டும்?

அரை மீட்டர் நீள அகலத்தில் ஒரு தடித்த அட்டை. பொருட்கள் வந்த பெட்டியைப் பிரித்தெடுத்த அட்டையே போதும். பாதி தேய்ந்த பென்சில் ஒன்று, கூராகச் சீவியது. அதை நிறுத்தக் கொஞ்சம் களிமண். குறிக்க ஒரு பேனா, ஓர் அளவுகோல், சாக்பீஸ், ஒரு கோலிக்குண்டு. கோலி எதற்கு என்று கேட்பார்கள். "பொறு, சொல்றேன்" என்று சொல்லி வையுங்கள்.

பென்சில் 12 சென்டிமீட்டர் இருந்தால் சரியாக இருக்கும். பெரிய கொம்பாக நட்டால் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். அப்படி இல்லை. சூரியன் நமக்குப் புள்ளியாகத் தெரிவதில்லை, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள ஒரு வட்டமாகத் தெரிகிறது. அதனால் நிழலின் ஓரம் எப்போதும் கொஞ்சம் கலங்கியே விழும். குச்சியின் நுனிக்கும் நிழல் விழும் இடத்துக்கும் ஒரு மீட்டர் தூரம் இருந்தால் அந்தக் கலங்கல் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். நுனி எங்கே முடிகிறது என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை வந்துவிடும். சின்னக் குச்சி என்றால் நிழலும் கூர்மையாக விழும், வழக்கும் இல்லை.

எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது: சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்க்கக் கூடாது. இந்த வேலையில் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அட்டையைத்தான் பார்க்கப் போகிறோம் என்பது ஒரு வசதி.

படி 1: இடம் பார்ப்பது

காலையிலிருந்து மாலை வரை வெயில் விழும் இடம் வேண்டும். மொட்டை மாடி, முற்றம், வாசல், எதுவானாலும் சரி. கைப்பிடிச் சுவரின் நிழல் மதியம் வந்து மூடுகிற இடமா என்று முந்தின நாளே பார்த்து வைப்பது நல்லது. பால்கனியில் பாதி நாள்தான் வெயில் வரும் என்றால் பாதிக் கடிகாரம் செய்யுங்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 2: மட்டம், செங்குத்து

அட்டையைத் தரையில் வைத்து அதன் மேல் கோலிக்குண்டை விடச் சொல்லுங்கள். உருண்டு ஓடினால் தரை சரிவு. தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் காகிதத்தை மடித்துச் செருகி, கோலி வைத்த இடத்திலேயே நிற்கும் வரை சரிசெய்யலாம். இந்தப் படியைச் சின்னக் குழந்தைகளிடம் முழுசாக ஒப்படைத்துவிடலாம், நன்றாகவே செய்வார்கள்.

அடுத்து அட்டையின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதன் மேல் களிமண்ணை அழுத்தி, பென்சிலை நுனி மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். நேராக நிற்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் தேவையில்லை. ஒரு காகிதத்தை ஒரு முறை மடித்து, மடிப்பின் மேல் மடிப்பு படியும்படி இன்னொரு முறை மடித்தால் கிடைக்கும் மூலை சரியாக 90 டிகிரி. அதைப் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு திசையிலிருந்தும் பாருங்கள்.

கடைசியாக அட்டையைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. யாராவது தடுக்கி அட்டை நகர்ந்துவிட்டாலும் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். கோடு போடாமல் விட்டால், மதியம் வரை குறித்ததெல்லாம் ஒரே உதையில் போய்விடும்.

படி 3: மணிக்கு ஒரு புள்ளி

காலை 8 மணிக்கோ 9 மணிக்கோ தொடங்குங்கள். நிழலின் நுனியில் ஒரு புள்ளி, பக்கத்தில் நேரம். அவ்வளவுதான். எப்போதும் ஒரே கடிகாரத்தைப் பாருங்கள். சுவர்க் கடிகாரமும் கைப்பேசியும் ஐந்து நிமிடம் வேறுபடுகிற வீடுகள் நிறைய. நிழல் அட்டையைத் தாண்டிப் போனால் தரையிலேயே சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஊகம். ஒவ்வொரு முறை குறித்ததும், அடுத்த மணிக்கு நிழல் எங்கே இருக்கும் என்று குழந்தை நினைக்கிறதோ அங்கே ஒரு சின்னக் கல்லை வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களும் ஆளுக்கொரு கல் வைக்கலாம். புள்ளிகள் சம தூரத்தில் விழும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். விழாது. காலையிலும் மாலையிலும் புள்ளிகள் விலகி விலகி இருக்கும், நண்பகலை ஒட்டி நெருங்கி வரும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அது கொஞ்சம் நகர்ந்தாலும் நீளமான நிழலின் நுனி வெகு தூரம் ஓடிவிடுகிறது, அதுதான் காரணம். கல் தவறான இடத்தில் இருக்கும்போது குழந்தை தானாகவே "ஏன்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தபிறகு பதில் சொன்னால் மனதில் நிற்கும்.

நடுவில் மேகம் வந்து ஒரு மணி விட்டுப்போனால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். "இங்கதான் இருந்திருக்கும்" என்று பெரியவர்கள் புள்ளி வைத்துக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மறுநாள் அதே நேரத்தில் பார்த்து நிரப்பினால் போயிற்று. ஒரு நாளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

படி 4: உண்மையான நண்பகலைப் பிடிப்பது

12 மணிக்குத்தான் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று பெரியவர்களே பந்தயம் கட்டுவார்கள். பெரும்பாலும் தோற்பார்கள். ஆனால் அளவுகோலை வைத்து மிகக் குட்டையான நிழலைத் தேடுவது கஷ்டம், ஏனென்றால் அந்த நேரத்தில் நீளம் மாறுவதே தெரியாது. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது.

காலையில் ஒரு 10 மணி வாக்கில் குச்சியின் அடியை மையமாக வைத்து, நிழலைவிடச் சற்றுக் குறைவான ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். ஒரு நூலில் பேனாவைக் கட்டி இழுத்தால் வட்டம் வந்துவிடும். நிழல் குறுகிக்கொண்டே வந்து, அதன் நுனி ஒரு கட்டத்தில் வட்டத்தைத் தொடும். அந்த இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். பிற்பகலில் நிழல் நீண்டு, மறுபக்கம் வட்டத்தைத் தொட்டு வெளியே போகும். அதையும் குறியுங்கள். காலையில் தொட்டது 10.20, பிற்பகலில் தொட்டது 2.04 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சரிபாதி 12.12. அதுதான் அன்றைக்கு உங்கள் இடத்தின் உண்மையான நண்பகல்.

இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. குச்சியின் அடியிலிருந்து அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் வடக்கு தெற்கு. கைப்பேசியில் உள்ள திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காந்த வடக்கும் பூமி சுழலும் அச்சின் வடக்கும் ஒன்றல்ல என்பதால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். இதில் குச்சியை நம்பலாம்.

நண்பகல் ஏன் 12-ல் வருவதில்லை? பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகிறது, மணிக்கு 15 டிகிரி. ஆனால் கடிகார நேரம் ஒரு பெரிய பகுதிக்கு முழுக்கப் பொதுவாக வைக்கப்பட்டது. அந்த நேரம் எந்தத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்பட்டதோ, அதற்கு நீங்கள் மேற்கே இருந்தால் டிகிரிக்கு 4 நிமிடம் தாமதம், கிழக்கே இருந்தால் அதே அளவு முன்னதாக. இதற்கு மேல் இன்னொன்றும் சேர்கிறது. பூமியின் பாதை சரியான வட்டம் அல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நிழல் கடிகாரம் நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும். எட்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவும் வேண்டாம். கேட்டால் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 23.4 டிகிரிக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சியில் வரும். அன்று நண்பகலில் நிறுத்திய குச்சிக்கு நிழலே இருக்காது. அந்தத் தேதிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டு குச்சியை நட்டுவிடுங்கள்.

படி 5: மறுநாள் மணி பார்ப்பது

அட்டையை அதே சாக்பீஸ் கோட்டுக்குள் வையுங்கள். நிழலைப் பார்த்துக் குழந்தை மணி சொல்லட்டும், நீங்கள் கடிகாரத்தில் சரிபாருங்கள். பொருந்தும். அட்டையின் பின்பக்கம் செய்த தேதியை எழுதி வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். இப்போது பொருந்தாது. சூரியன் வானத்தில் போகும் பாதையே அதற்குள் மாறியிருக்கும். வேறு நிறப் பேனாவால் புதுப் புள்ளிகளை அதே அட்டையில் வையுங்கள். மார்ச் 21, செப்டம்பர் 23 இரண்டையும் ஒட்டிய நாட்களில் செய்தால் எல்லாப் புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விழும். மற்ற நாட்களில் வளைந்த கோடு வரும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்க ஓரளவு பொருந்தும் கடிகாரம் வேண்டுமென்றால் குச்சிக்குப் பதில் ஒரு செங்கோண முக்கோண அட்டை வெட்டுங்கள். அதன் அடிக்கோணம் உங்கள் இடத்தின் அட்சரேகை அளவாக இருக்க வேண்டும். பாகைமானியால் அளந்து வெட்டலாம், அட்சரேகை எவ்வளவு என்பது கைப்பேசி வரைபடத்தில் கிடைக்கும். அதை வடக்கு தெற்குக் கோட்டின் மேல் நிமிர்த்தி ஒட்டுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு உயரமான முனை வடக்கே, தெற்கே இருப்பவர்களுக்குத் தெற்கே. சாய்ந்த விளிம்பு இப்போது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். நுனியைப் பார்க்காமல் அந்த விளிம்பின் நிழலை மணிக்கொரு கோடாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். மேலே சொன்ன சில நிமிட ஏற்ற இறக்கத்தைத் தவிர இது மாறாது.

பூங்காவில் மரத்தின் உயரம்

அளவு நாடா, நூல், நோட்டு, தண்ணீர், தொப்பி. வெயில் பாதி உயரத்துக்கு ஏறியிருக்கும் நேரத்தில் போங்கள். நிழல் ரொம்பக் குட்டையாகவும் இருக்கக் கூடாது, பக்கத்துப் புதருக்குள் போய்விடும் அளவுக்கு நீளமாகவும் இருக்கக் கூடாது. மரம் சமதரையில், தனியாக, உச்சி தெளிவாகத் தெரியும்படி நின்றால் நல்லது. குடை போலப் படர்ந்த மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நிழலின் கடைசி முனை உச்சிக்கிளையுடையதா, பக்கக் கிளையுடையதா என்று தெரியாது.

பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்லி அதன் நிழலை அளங்கள். உடனே, நிழல் மாறுவதற்குள், மரத்தின் அடியிலிருந்து அதன் நிழல் முனை வரை அளங்கள். பிள்ளையின் உயரம் 120 சென்டிமீட்டர், நிழல் 90 சென்டிமீட்டர், மரத்தின் நிழல் 6 மீட்டர் என்றால் மரம் 8 மீட்டர். அந்த நேரத்தில் அங்கே விழும் எந்த நிழலுக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் உயரம், அவ்வளவுதான் கணக்கு.

கணக்கு வராத வயதா? பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டிக்கொள்ளுங்கள். அவ்வப்போது நிழலோடு வைத்துப் பாருங்கள். நிழலும் நூலும் ஒரே நீளமாக வரும் நேரத்தில், அங்கே இருக்கும் எல்லாவற்றின் நிழலும் அதனதன் உயரத்துக்குச் சமம். ஓடிப்போய் மரத்தின் நிழலை நூலால் எண்ணிவிடலாம். விளக்குக் கம்பம், ஊஞ்சல் கம்பம், அப்பா, எல்லாரையும் அளக்கலாம். துருவங்களை நோக்கி வெகுதூரத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் சூரியன் அந்த உயரத்துக்கு ஏறாது, அவர்கள் முதல் வழியிலேயே போக வேண்டும்.

அளந்து களைத்து மரத்தடியில் உட்காரும்போது தரையில் விழும் வெளிச்சப் புள்ளிகளைக் காட்டுங்கள். இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் எப்படியெப்படியோ இருந்தாலும் புள்ளிகள் பெரும்பாலும் வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும். அவை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். பகுதிச் சூரிய கிரகணத்தின்போது இதே புள்ளிகள் எல்லாம் பிறை வடிவமாகிவிடும்.

முக்கோண அட்டை வைத்த கடிகாரம் செய்தவர்கள் அதை முழு நிலவு இரவில் வெளியே வைத்துப் பாருங்கள். நிலா வெளிச்சத்தில் விழும் நிழல் ஏறக்குறைய சரியான மணியைக் காட்டும். பகலில் 12 என்று எழுதிய கோடு அப்போது நள்ளிரவு. அதற்கு அடுத்த ஒவ்வோர் இரவும் நிலா சுமார் 50 நிமிடம் பிந்தி வரும் என்பதால், எத்தனை இரவு கழிந்ததோ அத்தனை 50 நிமிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.