நூலகப் பணியாளர்கள் ஊடாட்ட இணையக் கருவிகளைக் கற்க ஒரு வழிமுறை

மாவட்ட அளவில் நூலகர்களுக்கு இணையக் கருவிகள் பற்றிப் பயிற்சி நடத்துவதென்றால், ஒரு கூட்ட அறையைப் பிடித்து, திரையைத் தொங்கவிட்டு, வல்லுநர் ஒருவரை நாள் முழுவதும் பேச வைத்து, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அங்கே கேட்டதெல்லாம், கிளைக்குத் திரும்பிய மறுநாள் நாளிதழ் அடுக்குவதிலும் பதிவேடு எழுதுவதிலும் கரைந்துவிடுகிறது. படிப்பவரே எழுதவும் திருத்தவும் கருத்துச் சொல்லவும் இடம்தரும் கருவிகளைக் கேட்டுக் கற்க முடியாது. அலுவல் நேரத்துக்குள், தம் நூலகத்தின் உண்மையான வேலை ஒன்றை வைத்துக்கொண்டு, செய்து பார்த்துத்தான் கற்க முடியும். ஒரு மாவட்ட மைய நூலகமும் அதன் கிளைகளும் சேர்ந்து அப்படியொரு கற்றலை எவ்வாறு நடத்தலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரப் பொது நூலக அமைப்பில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஹெலீன் பிளோவர்ஸ், 2006 ஆகஸ்டில் தம் ஊழியர்களுக்காக 23 சிறு பணிகளைத் தொகுத்து, அவற்றை ஒன்பது வாரங்களில் அவரவர் வேகத்தில் முடிக்கும்படி விட்டார். வலைப்பதிவு தொடங்குவது, படம் ஏற்றுவது, பல தளங்களின் புதிய பதிவுகளைத் தரும் செய்தியோடைகளைத் திரட்டிப் படிப்பது, யாரும் திருத்தக்கூடிய விக்கிப் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பது போன்ற பணிகள் அவை. வகுப்பு என்று எதுவும் கிடையாது. செய்ததையும் செய்யும்போது பட்ட பாட்டையும் ஒவ்வொருவரும் தம் வலைப்பதிவில் எழுதியதே அவர் கற்றதற்குச் சான்றாக இருந்தது. முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 கருவி பரிசாகக் கிடைத்தது. திட்டம் முழுவதும், பிறர் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியானதால், பல நாட்டு நூலகங்கள் அதை எடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. நாமும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுக்க வேண்டியது அதன் அமைப்பைத்தான், பட்டியலை அல்ல. அந்தப் பட்டியலில் இருந்த செய்தியோடைத் திரட்டி பிளாக்லைன்ஸ், தேடல் கருவி ரோலியோ ஆகியவை இன்று இல்லை. சொந்த நூல்களைப் பட்டியலிடும் லைப்ரரிதிங், படம் பகிரும் பிளிக்கர் ஆகியவை இன்னும் இயங்குகின்றன. எது நிலைக்கும் என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

தொடங்கும் முன்

முதலில் நேரத்தை ஒதுக்க வேண்டும். "ஓய்வு கிடைக்கும்போது செய்யுங்கள்" என்று சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள், அதில் அவர்கள்மேல் குற்றமும் இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று முடிவு செய்து, அதைப் பணி ஒதுக்கீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது. மைய நூலகத்தில் இது எளிது. ஊர்ப்புற நூலகத்தில் ஒரே ஒருவர்தான் கதவைத் திறப்பவரும் புத்தகம் வழங்குபவரும் பெருக்குபவரும் என்பதால், காலையில் நாளிதழ் படிக்க வருவோர் கலைந்த பிறகு, மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் வருவதற்கு முன் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். அருகருகே உள்ள இரண்டு கிளைகளைச் சேர்த்து இணையராக்கினால், ஒருவருக்குச் சிக்கல் வரும்போது இன்னொருவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். மேலதிகாரியை அழைக்கத் தயங்குபவர்கூடப் பக்கத்து ஊர் நூலகரைத் தயங்காமல் அழைப்பார்.

இரண்டாவது, தமிழ்த் தட்டச்சு. இதைத் தாண்டாமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம். நம் அலுவலகங்களில் பல ஆண்டுகளாக வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தட்டச்சு செய்ததை ஓர் இணையப் படிவத்தில் ஒட்டினால் அது பொருளற்ற குறிகளின் குவியலாகத்தான் தெரியும். ஆகவே பணிகளுக்கு முந்தைய பயிற்சி, கணினியில் ஒருங்குறியில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம்) தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக்கொண்டு, தம் நூலகத்தின் முகவரியையும் வேலை நேரத்தையும் ஒரு பத்தியாக அடிப்பதாக இருக்கட்டும். பழைய விசை அமைப்பில் விரல் பழகியவர்களை மாற்றச் சொல்லி வற்புறுத்தத் தேவையில்லை. அதே விசை அமைப்பில் ஒருங்குறியை வெளியிடும் மென்பொருள்கள் கிடைக்கின்றன.

மூன்றாவது, பணிகளின் எண்ணிக்கை. 23 என்பது நமக்கு அதிகம் என்பது என் கருத்து. எட்டுப் பணிகள், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் நான்கு மாதத்தில் முடியும். தேர்வுக் காலமும் புத்தகக் கண்காட்சியும் குறுக்கிட்டாலும் சமாளிக்கலாம்.

பணிகள்

முதல் இடத்தை நூலகத்தின் சொந்த இணையவழி நூற்பட்டியலுக்குத் தாருங்கள். ஊழியர்கள் அன்றாடம் அதன் பின்புறத்தைப் பார்க்கிறார்கள். வாசகர் பார்க்கும் முகத்தைப் பார்ப்பதில்லை. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்டு 2000 ஜனவரியில் அங்கே பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்னும் கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருள் இன்று இந்தியாவிலும் ஏராளமான நூலகங்களில் இருக்கிறது. அதன் வாசகர் பக்கத்தில் குறிச்சொல் இடலாம், நூலைப் பற்றிக் கருத்து எழுதலாம், தனக்கென்றோ எல்லாருக்கும் தெரியும்படியோ பட்டியல் தொகுக்கலாம், வாங்க வேண்டிய நூலைப் பரிந்துரைக்கலாம். இவற்றில் பல வசதிகள் அமைப்புப் பக்கத்தில் அணைக்கப்பட்டே கிடப்பதை எத்தனையோ நூலகங்களில் காணலாம்.

பயிற்சி இப்படி இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஓர் உறுப்பினராக உள்நுழைந்து, தம் கிளையில் வாசகர் அடிக்கடி கேட்டும் இல்லாத ஒரு நூலைப் பரிந்துரைக்க வேண்டும். பிறகு வெளியேறி, ஊழியராக உள்நுழைந்து, அதே பரிந்துரையைக் கண்டுபிடித்து, ஏற்றோ மறுத்தோ காரணம் எழுத வேண்டும். அடுத்து, மறுபடியும் உறுப்பினராகப் போய், அந்தப் பதில் தமக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். "நிதி இல்லை" என்று இரண்டு சொல்லில் மறுத்தவர், அதை வாசகரின் இடத்தில் உட்கார்ந்து படிக்கும்போது தாமே திருத்தி எழுதுவார். இதை எந்த உரையாலும் கற்பிக்க முடியாது.

அதே அமர்வில் தேடலையும் சோதிக்கலாம். உ.வே.சா. என்றும், உ.வே. சாமிநாதையர் என்றும், சாமிநாத ஐயர் என்றும், ஆங்கில எழுத்தில் வெவ்வேறு விதமாகவும் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் வேறு வேறு எண்ணிக்கையில் நூல்கள் வந்தால், பட்டியலில் ஆசிரியர் பெயர் ஒழுங்குபடுத்தப்படவில்லை என்று பொருள். கிடைத்த வேறுபாடுகளை ஒரு பொது விரிதாளில் எல்லாக் கிளையினரும் ஒரே நேரத்தில் நிரப்பினால், இணைந்து எழுதும் கருவி ஒன்றைக் கற்றதாகவும் ஆகிறது, பட்டியலைத் திருத்துவதற்கான வேலைத்தாள் ஒன்று கிடைத்ததாகவும் ஆகிறது.

அடுத்தது கூகுள் படிவம். வாசகர் வட்டக் கூட்டத்துக்கோ கோடைக்காலச் சிறுவர் நிகழ்ச்சிக்கோ பெயர் பதிவதற்கு இதைப் பயன்படுத்தலாம். செய்வது எளிது என்பதாலேயே இதில் கவனமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. படிவ அமைப்பில், பதிந்தவர்கள் மற்றவர்களின் விடைச் சுருக்கத்தைப் பார்க்க அனுமதிக்கும் ஒரு பொத்தான் உண்டு; அது அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். விடைகள் சேரும் விரிதாளை "இணைப்பு உள்ள எவரும் காணலாம்" என்ற நிலையில் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், குழந்தைகளின் பெயரும் பெற்றோரின் கைபேசி எண்ணும் ஊரெல்லாம் போய்ச் சேரும். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே பயிற்சியின் ஒரு பகுதியாக, தாங்கள் உருவாக்கிய படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, இது நிகழ்ச்சி நடத்துவதற்குத் தேவைதானா என்று எழுதச் சொல்லுங்கள். பிறந்த தேதி, வீட்டு முகவரி, பள்ளியின் பெயர் ஆகியவை பெரும்பாலும் அங்கேயே நீங்கிவிடும்.

நூலகர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் பணி விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன், ஏனென்றால் அது அவர்களின் சொந்த நிலம். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய நூலகம் தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களாக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் படமும் மறுபக்கம் கணினி உணர்ந்து தந்த எழுத்துமாகத் திரை பிரிந்து தெரியும். கணினி பெரும்பாலும் சரியாகப் படித்தாலும், துணைக்காலை "ர" என்றும் "ர" வைத் துணைக்கால் என்றும் மாற்றிக்கொள்ளும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய கூட்டு வடிவத்தில் இருப்பதால் அங்கே தடுமாற்றம் இன்னும் அதிகம். திருத்தி முடித்தால் பக்கத்தின் நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். மஞ்சளைப் பச்சையாக்க அதைத் திருத்தியவரால் முடியாது, வேறொருவர் சரிபார்த்தாக வேண்டும். இந்த விதியினால் இணையராக உள்ள இரு கிளைகளும் ஒருவர் பக்கத்தை ஒருவர் பார்த்துத்தர இயல்பாகவே ஏற்பாடாகிவிடுகிறது. ஆளுக்கு இரண்டு பக்கம் திருத்தினால் போதும். பயனர் கணக்கு, பக்க வரலாறு, உரையாடல் பக்கம், செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுதல் ஆகிய நான்கும் அந்த இரண்டு பக்கத்திலேயே பழகிவிடும்.

அதைத் தொடர்ந்து விக்கிப்பீடியாவுக்குப் போவது எளிது. "சான்று தேவை" என்று குறியிட்ட ஒரு வரியைத் தேடிப்பிடித்து, தம் அலமாரியில் உள்ள நூலிலிருந்து பக்க எண்ணுடன் சான்று சேர்ப்பதே பணி. நூலகர் ஒவ்வொருவரும் ஒரு சான்றாவது சேர்க்க வேண்டும் என்ற இயக்கம் 2016 முதல் உலக அளவில் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15 அன்று தொடங்குவதால், உங்கள் கால அட்டவணையை அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் வரைபடத்தில் தம் கிளை சரியான இடத்தில் இருக்கிறதா, விடுமுறை நாள் சரியாக உள்ளதா என்று பார்த்து, நூலகத்தின் பெயரில் உரிமை கோரி, வாசகர் எழுதிய மதிப்புரை ஒன்றுக்குக் கண்ணியமாகப் பதில் எழுதுவது ஒரு பணி. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய வாசகர்கள் அங்கேதான் எழுதுகிறார்கள். வடிவமைப்புக் கருவி கேன்வாவில் நிகழ்ச்சி அறிவிப்பு ஒன்று, பலரும் குறிப்பு ஒட்டும் பேட்லெட் இணையப் பலகையில் வாசகர் பரிந்துரைகள், உடனடி வாக்கெடுப்புக் கருவி மென்டிமீட்டரில் கூட்டத்தின் நடுவே ஒரு வாக்கெடுப்பு என்பவை மீதிப் பணிகளாகலாம். கடைசி இரண்டிலும் இலவசக் கணக்குக்கு வரம்புகள் உண்டு என்பதால், பெரிய நிகழ்ச்சிக்கு நம்பி இறங்கும் முன் அவற்றைப் படித்துக்கொள்வது நல்லது.

நடத்தும் முறை

ஒவ்வொரு பணியையும் முதலில் மாவட்ட நூலக அலுவலரோ மைய நூலகத்தின் முதல்நிலை நூலகரோ செய்துகாட்ட வேண்டும். அதுவும் எல்லாரும் பார்க்கும் குழுவில், இடையில் தடுமாறியதையும் மறைக்காமல். மேலே இருப்பவர் செய்யாத பணியைக் கீழே உள்ளவர்கள் கடமைக்குச் செய்து கணக்குக் காட்டுவார்கள். வழிகாட்டியாக இருப்பவர் பதவியில் மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தினக்கூலிக்கு வரும் இளம் உதவியாளர் பலருக்கு இவை கைவந்தவை. அவர் கற்றுத்தரும்போது ஒரே ஒரு விதியை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள். சுட்டியைக் கற்பவர்தான் பிடிக்க வேண்டும். "இங்கே கொடுங்கள், நான் செய்துவிடுகிறேன்" என்ற இடத்தில் கற்றல் நின்றுவிடுகிறது.

பணி முடிந்ததற்கு அடையாளமாக மூன்று நான்கு வரிகள் எழுதச் சொன்னால் போதும்: என்ன செய்தேன், எங்கே சிக்கியது, எங்கள் கிளையில் இது எதற்குப் பயன்படும் அல்லது ஏன் பயன்படாது. பயன்படாது என்று எழுதுவதற்கும் முழு உரிமை இருக்க வேண்டும். மதிப்பெண்ணோ தர வரிசையோ வேண்டாம். பரிசு தர விரும்பினால், முடித்த எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு நூலைத் தரலாம்.

நான்கு மாதம் கழித்து எல்லாக் கருவிகளையும் தொடர வேண்டியதில்லை. இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பரிந்துரை வசதியும் வரைபடப் பதிவும் அந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். யாரும் வந்து பார்க்காத பேட்லெட் பலகையை இரக்கப்படாமல் மூடிவிடலாம்.

தொடரும் கருவிகளுக்கு ஒரு பதிவேடு கட்டாயம் தேவை. நம் துறையில் ஊழியர் இடமாற்றம் வழக்கமானது. நூலகத்தின் பக்கம் ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருந்தால், அவர் வேறு மாவட்டத்துக்குப் போனதும் அந்தப் பக்கத்தை யாராலும் தொட முடியாமல் போகும். எல்லாக் கணக்கும் நூலகத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்புக்கான காப்புக் குறியீடுகளை அச்சிட்டு, உறையிலிட்டு, நூலக பீரோவில் வைக்க வேண்டும். கருவியின் பெயர், கணக்கு, நிருவகிப்பவர், தரவைக் கடைசியாகப் பதிவிறக்கிய நாள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்கத்தைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில், சாவிகளுக்கும் இருப்புப் பதிவேட்டுக்கும் அடுத்த வரியாகச் சேர்த்துவிட்டால், புதிதாகப் பொறுப்பேற்பவர் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு கணக்கிலும் ஒருமுறை உள்நுழைந்து பார்த்துக்கொள்வார்.